சுவரைப் பார்த்துக் கேட்ட பெனால்டி

மார்ச் 3

அலுவலகத்தில் பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினியில் ஏற்றும் வேலை. இன்றைய பெட்டியில் அது இருந்தது: இருபது வருடங்களுக்கு முன் எங்கள் மஞ்சள் சட்டை அணி பெனால்டியில் தோற்ற கால்பந்து இறுதிப் போட்டி. தொடாமல் மூடி வைத்தேன்.

மார்ச் 4

ஓடவிட்டேன், கடைசிப் பெனால்டிக்கு முன்பு வரை. தேய்ந்த நாடாவில் புல் நீலமாகத் தெரிகிறது. ஆட்டக்காரர்கள் தண்ணீருக்கடியில் ஓடுகிறார்கள்.

எனக்கு அப்போது ஆறு வயது. தான் பார்த்தால் பெனால்டி தவறிவிடும் என்று அப்பாவுக்கு நம்பிக்கை. சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். என்ன ஆயிற்று என்று சொல்வது என் வேலை. கடைசி உதை. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். மூடியபடியே "கோல்ப்பா!" என்று கத்தினேன். அப்பா திரும்பி என்னைத் தூக்கிச் சுற்றினார்.

"அண்ணா, கம்பத்துல பட்டுடுச்சு. யாரு ஜெயிச்சதுக்கு இந்த ஆட்டம்?" என்றார் கூட உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா.

அன்றோடு அப்பா கால்பந்து பார்ப்பதை விட்டுவிட்டார். ஏன் பொய் சொன்னேன்? யாரிடமும் இதுவரை வாய் திறக்கவில்லை.

மார்ச் 5

பந்து கம்பத்தில் படுவதை இன்றுதான் பார்த்தேன். பதினோரு முறை.

மார்ச் 8

அப்பா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு நான் பாக்கவே இல்லப்பா. என்னாலதான் நீங்க—"

"தெரியும்டி. சுவத்துல தாத்தா படம் மாட்டியிருக்குல்ல, அந்தக் கண்ணாடில டிவி தெரியும். தாங்க முடியாம பாத்துட்டேன். நான் பாத்ததாலதான் போச்சு."

"அப்புறம் எதுக்கு என்னைத் தூக்கிச் சுத்துனீங்க?"

"அவ்ளோ சந்தோஷமா கத்துன. வேற என்ன பண்றது?"

சட்டைக் காலர் கருகும் வாசனை வந்த பிறகுதான் இருவரும் அசைந்தோம். ஒரு தோல்விக்கு இந்தச் சின்ன வீட்டில் இரண்டு குற்றவாளிகள்!

மார்ச் 9

அலுவலகத்தில் அனுமதி கேட்டு வாங்கிய பிரதியை வீட்டில் போட்டேன். கடைசி உதைக்கு முன் அப்பா எழுந்தார். தாத்தா படத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்தார். சுவரைப் பார்த்து நின்றார். நானும் பக்கத்தில் போய்க் கண்ணை மூடிக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் பெருங்கூட்டத்தின் இரைச்சல், எங்கோ கடல் இருப்பது போல.

"கோல்ப்பா."

தூக்கப் பார்த்தார். "அய்யோ, இடுப்பு!"

மார்ச் 15

"இன்னிக்கு மேட்ச் எந்தச் சேனல்ல?" — அப்பாதான், மத்தியானமே.

தாத்தாவை மறுபடி மாட்டட்டுமா என்று கேட்டேன்.

"மேட்ச் முடியட்டும்."