சஹனுக்கு மூன்று கால்

ஒக். 14, செவ்வாய்

பகல் முழுக்க மழை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நகரவேயில்லை. வகுப்புக்குப் போய்ச் சேரும்போது சப்பாத்துக்குள் தண்ணீர்.

3D பிரின்டரில் ஸ்டாண்டின் மூன்று பிளாஸ்டிக் காலும் வந்துவிட்டன. வெள்ளை வெளேரென்று. மடியில் வைத்தே வீட்டுக்குக் கொண்டு வந்தேன். பலகை வளையத்தில் பூட்டி, சஹனை, அந்தப் பெரிய சாப்பாட்டுத் தட்டை, வைத்து, அரிசிப் பையையும் அம்மிக் குழவியையும் ஏற்றினேன். அசையவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

ஞாயிறு நாநாவின் வலீமா, கல்யாண விருந்து. ஆறு பேர் பாயில் சுற்றியிருந்து ஒரே சஹனில் கை வைப்பார்கள். முழங்கால் மடங்காத உம்மாவுக்கு மட்டும் மூலையில் மேசை, தனிப் பிளேட். உம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "என்ட மகன்ட வலீமாவில நான் தனியவா? பொண்ணுட உம்மாவோட ஒரே சஹன்ல கை வெக்கோணும்." கதிரையில் இருந்தே சாப்பிட ஒரு ஸ்டாண்ட் செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தது நான். உம்மா அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டா.

ஒக். 15, புதன்

மெட்டீரியல்ஸ் வகுப்பு. படிப்பிக்கும் மிஸ் யாழ்ப்பாணத்துக்காரி. கையில் அதே வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு துண்டு.

"இது சோளத்தில இருந்து எடுக்கிறது. மாதிரி செய்து பாக்க நல்லது. சூட்டுக்குக் கிட்ட மட்டும் கொண்டு போகாதேங்கோ."

மிஸ் அதைத் தன் சுடு தேத்தண்ணிக் கோப்பைக்குள் விட்டா. வளைந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் ஏற்றியது பச்சை அரிசி. ஞாயிறு வரப்போவது அடுப்பிலிருந்து இறக்கிய புரியாணி. சோறு சுடும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் பாரத்தை மட்டும் பார்த்தேன். மடச்சி.

பிறகு அச்சில் வார்ப்பது, ஊதி உப்ப வைப்பது, ஏதேதோ நடந்தது. எழுதினேன், மண்டையில் ஏறவில்லை.

பக்கத்துக் கதிரை செல்வி (நாவலப்பிட்டி): "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? பேசாம அம்மாகிட்ட சொல்லிரு."

எப்படிச் சொல்ல?

ஒக். 16, வியாழன்

உம்மா பொண்ணு வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, வடித்த சூட்டோடு சோற்றைச் சஹனில் கொட்டினேன். முதலில் ஒன்றுமில்லை. கொஞ்சம் மூச்சு வந்தது. பிறகு ஒரு கால், தூங்கி விழும் பிள்ளையின் தலை மாதிரி, மெல்லச் சாய்ந்தது. சோறு முழுக்க நிலத்தில்.

கூட்டி அள்ளினேன். ஞாயிறு இப்படி விழுந்தால்? பொண்ணின் உம்மாவின் மடி. அந்தச் சூடு. உம்மாவின் முகம்.

மரம் — வகுப்பின் கடைசல் மெஷினுக்கு அடுத்த கிழமை வரை வேறு ஆட்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அலுமினியம் வார்க்க அச்சுக்கே நாள் போகும். இரும்புதான்.

ஒக். 17, வெள்ளி

வெயில். ஜும்ஆ முடிந்து பாலத்தடி வெல்டிங் கடை. சிங்கள ஐயா ஒருவர். தங்கச்சிக்கு அவர் பாஷையில் நங்கி.

"நங்கி, பைப் என்ன கனம்?"

தெரியாது. தெரிந்த மாதிரி ஒரு அளவைச் சொன்னேன்.

"எதுக்கு? பூச்சாடி வைக்கவா?"

"ஓ, பூச்சாடிதான்," என்றுவிட்டேன். சஹன் என்றால் விளக்க வேண்டும், இன்னும் கேட்பார், ஒன்றும் தெரியாதென்று விளங்கிவிடும். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது: பூச்சாடிக்குப் போதுமான அளவுக்குத்தானே ஒட்டுவார்? திரும்பிப் போகவும் பயம். போகவில்லை.

ஒக். 18, சனி

வந்துவிட்டது. கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்பு ஸ்டாண்ட். சுடுசோறு வைத்தேன், நின்றது. நானே ஏறி உட்கார்ந்தேன், நின்றது. வெல்டிங் பொட்டுகளைத் தடவித் தடவிப் பார்க்கிறேன்.

உம்மா: "வெள்ளக் கால் எங்க?"

"இது இன்னும் வடிவு உம்மா."

நம்பிவிட்டா. அதுதான் இன்னும் பயம்.

நாளைக்கு எடுத்துப்போகும் சாமான்: ஸ்டாண்ட். சீலை. சீலைக்குக் குத்த ஊசி. உம்மாவின் முழங்கால் நோவுக்குக் குளிசை.

ஒக். 19, ஞாயிறு

மண்டபத்தில் நிலமெல்லாம் வழுவழுப்பு மாபிள். எங்கள் வீட்டில் சீமெந்து. இதையும் யோசிக்கவில்லை, யா அல்லாஹ்.

கை கழுவச் செம்பு சுற்றி வந்தது. தண்ணீர் சிந்தியது. ஸ்டாண்டைச் சுற்றிக் கதிரையில் உம்மா, எதிரே பொண்ணின் உம்மா, இன்னும் நாலு பேர். ஆவி பறக்கச் சஹன் வந்தது. பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள். ஒரு கால் வழுக்கி விரலளவு நகர்ந்தது. நான் மட்டும் கண்டேன்.

சீலையோடு நிலத்தில் குந்தி அந்தக் காலைப் பிடித்துக்கொண்டேன். மேலே உம்மா இறைச்சித் துண்டைச் சம்மந்தியின் பக்கம் தள்ள, அவ திரும்ப இந்தப் பக்கம் தள்ள, ஒரே சிரிப்பு. ஒவ்வொரு தள்ளலும் என் உள்ளங்கையில் தெரிந்தது.

"என்தியன் மகள், கீழ என்ன தேடுற?"

"ஊசி உழுந்திட்டு உம்மா."

"தின்னாமலா தேடுற? ஆ காட்டு."

குனிந்து ஒரு பிடி ஊட்டினா. எல்லோரும் பார்த்தார்கள். கன்னத்தில் சோற்றை அடக்கிக்கொண்டு அப்படியே இருந்தேன். சஹன் காலியாகும் வரை அந்தக் காலிலிருந்து கையை எடுக்கவில்லை.