பிரேமன் படிக்கட்டில் நான் வீசிய மூடிகள்

லேர், ஞாயிறு

அன்பு மகள் டோம்கேவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், வால்பரைசோவில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். உடம்புதான் நன்றாக இருக்கிறது, மனசு நேற்று பிரேமனில் விழுந்த இடத்திலிருந்து இன்னும் எழுந்திருக்கவில்லை.

உன் அண்ணன் ஐலர்ட்டுக்கு நேற்று முப்பது முடிந்தது. கல்யாணமாகாமல் முப்பதைத் தொட்ட ஆண்பிள்ளை பிரேமன் பேராலயப் படியைப் பெருக்கியே ஆக வேண்டும், கல்யாணமாகாத பெண்ணொருத்தி வந்து முத்தம் கொடுக்கிறவரை துடைப்பத்தைக் கீழே வைக்கக் கூடாது என்கிற வழக்கம் உனக்குத் தெரியாததா. அவன் கூட்டாளி ஒன்னோ எல்லா ஏற்பாடும் செய்திருந்தான். என் பங்குக்கு நம்மூர் மதுக்கடையில் சேர்த்து வைத்த பீர் பாட்டில் மூடிகளை மூட்டை கட்டிக்கொண்டு அம்மாவோடு ரயிலேறினேன். வேண்டாங்க, பாவம் அவன் என்றாள் அம்மா. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், என் மண்டையில் எதுதான் சீக்கிரம் ஏறியிருக்கிறது.

உயரத் தொப்பியும் வால்கோட்டும் மாட்டிக்கொண்டு அவன் ஒரு படியைப் பெருக்கி முடித்தால் நான் அதே படியில் இன்னும் இரண்டு கை மூடி வீசுவேன், கூட்டம் கைதட்டும், எனக்கும் குஷி தாங்கவில்லை. ஐஸ்கிரீம் கடைப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே முத்தம் கொடுக்க வந்தாள், இவன் துடைப்பத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். டேய், கிடைக்கிறதை வாங்கிக்கிட்டு வாடா, ரயிலுக்கு நேரமாகுது என்று கத்தினேன். பெற்ற தகப்பன் கத்துகிற கத்தா அது.

அப்போது ஆரஞ்சு மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸுமாக ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பெயர் ஃபென்னா, துறைமுகத்தில் கப்பல்களைக் கட்டி இழுக்கிற படகு ஓட்டுகிறாள் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. நேரே படியேறி அவன் தொப்பியைத் தட்டிவிட்டு முத்தம் கொடுத்தாள், இந்தத் தடவை அவன் முகத்தைத் திருப்பவில்லை. ஒன்னோ குறுக்கே வந்து, இரும்மா, நீ கல்யாணமானவளா, ஆனவ முத்தம் செல்லாது என்றான். ஆனவதான், இவனுக்குத்தான் ஆச்சு, கிறிஸ்துமஸ் முடிஞ்ச வாரம் என்றாள். படியோரம் கைப்பிடியைச் சுழற்றிப் பாட்டுப்பெட்டி வாசித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். என் கையிலிருந்த மூடிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்த சத்தம்தான் கேட்டது.

ஏண்டா சொல்லவில்லை என்றேன். அவளுக்கு மூணே நாள் லீவுப்பா, உங்ககிட்ட சொன்னா நம்மூர் துப்பாக்கி சுடுற சங்கத்தையே கூட்டிட்டு வந்திருப்பீங்க, மேடையில பேச ஏறினா இறங்கியிருக்க மாட்டீங்க என்றான். ஹார்ம் சித்தப்பா கல்யாணத்தில் நான் பேசி முடிப்பதற்குள் சூப் ஆறிப்போனது உண்மைதான், அதற்காகப் பெற்ற பிள்ளை கல்யாணத்தையேவா மறைப்பது. காலி மூட்டையை உதறி மடிக்க ஆரம்பித்தேன். அந்தப் பெண், மாமா கோபமா, இப்படியே ரயிலேறிடுவீங்களா என்று கேட்டாள். கப்பலை இழுக்கிறவள் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவன் துடைப்பத்தை வாங்கி, நான் போட்ட மூடிகளை நானே பெருக்க ஆரம்பித்தேன். அவள் வந்து முறம் பிடித்தாள். மூலையில விட்டுட்டீங்களே மாமா என்றாள். நம் வீட்டுக்குச் சரியான ஆள்தான்.

சாப்பிடும்போது அடுத்த இடி. அம்மா ஃபென்னாவிடம் முழங்கால் வலி தேவலையா என்று சாதாரணமாக விசாரிக்கிறாள். அம்மாவுக்கு முன்பே தெரியுமாம். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்து போட்டது நீயாமே. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது சிநேகிதியைப் பார்க்கப் போகிறேன் என்று பிரேமன் கிளம்பிய உன்னை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டதே நான்தான்.

அடுத்த மாதம் இருவரும் இங்கே வருகிறார்கள். மேடைப் பேச்சு கிடையாது என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், சின்னதாக ஒன்றைத் தவிர. நீ நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக இரு, எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே, இரண்டு வருஷத்தில் உனக்கும் முப்பது, பெண்பிள்ளைகள் பேராலயக் கதவுக் கைப்பிடியைத் தேய்க்க வேண்டும். நான் துணியும் கையுமாகக் கிளம்புவதற்கு முன்னால், அங்கே எனக்கு மருமகன் யாராவது இருந்தால் ஒரு வரி எழுதிவிடு.

இப்படிக்கு,
எல்லாவற்றையும் கடைசியில் தெரிந்துகொள்ளும்
உன் அப்பா ஹேயோ