மூன்றாவது தடவை

ஜனவரி 14, செவ்வாய்

இன்று நல்ல பிள்ளையாக இருந்தேன் என்று எழுத ஆசை. ஆனால் கணித ஆசிரியரின் கதிரையைத் தாழ்வாரத்தில் வைத்து, "கதிரைக்குக் கால் வலி, விடுப்பில் போய்விட்டது" என்று பலகையில் எழுதியது நான்தான். வகுப்பே சிரித்தது. பர்னியா மட்டும் சிரிக்கவில்லை. மூன்று வருடமாக என் எல்லாக் குற்றங்களுக்கும் உடந்தை அவள்.

அவளுடைய அப்பாவுக்கு நீதிமன்ற டெர்மின், அதாவது விசாரணைத் தேதி, வந்துவிட்டதாம். மார்ச் 12.

அவளுடைய அப்பா பெஹ்ரூஸ் அங்கிள் ஈரானில், ஷிராஸ் நகரத்தில், முஸ்லிமாகப் பிறந்தவர். அங்கே ஒரு வீட்டில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, அயலுக்குக் கேட்காமல் பாடிச் செபிக்கிற கூட்டத்தில் சேர்ந்தார். கூட்டத்தில் சிலரைப் பிடித்தபோது பர்னியாவைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார். இங்கே ஜெர்மனியில், ஹம் நகரத்தில், எங்கள் கோவிலில்தான் ஞானஸ்நானம் எடுத்தார். இன்னும் வாயை அசைத்துத்தான் பாடுகிறார், சத்தம் வராது.

அகதி அலுவலகம் நம்பவில்லை. விசாவுக்காக யேசுவைப் பிடித்தவராம். நீதிபதியாவது நம்பினால், பர்னியாவின் அம்மாவும் தம்பியும் இங்கே வரலாம். அந்த அம்மா நாலு வருடமாக ஒரு பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்திருக்கிறார். தம்பி வளர வளர, உள்ளே இருக்கும் அவனுடைய சட்டைகளை மட்டும் மாற்றுவாராம்.

பர்னியாவின் அம்மா இன்றும் ஐந்து வேளை தொழுகிறவர். அங்கிளின் வழக்குக்காகவும் கேட்கிறாராம். எங்கள் அம்மா செபமாலையோடு. ஆக, இரண்டு வாசலிலும் மனுக் கொடுத்தாயிற்று.

ஜனவரி 19, ஞாயிறு

பூசை முடிந்து அங்கிளும் பர்னியாவும் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா பொரித்த றோல்ஸ் தட்டை நீட்டினா.

"வேண்டாம், மரியா கானும்." ஈரானில் மரியாதைக்குரிய பெண்ணைக் கானும் என்பார்கள். அம்மா மரியமலர், அதனால் மரியா கானும்.

இரண்டாம் தரம் நீட்டினா. வேண்டாம். மூன்றாம் தரம் எடுத்தார். பிறகு இன்னும் மூன்று எடுத்தார்.

இதற்குத் தாரோஃப் என்று பெயராம். கேட்டவுடன் எடுப்பது அழகில்லை, புகழ்ந்தால் ஒப்புக்கொள்வது அதைவிட மோசம் என்றாள் பர்னியா. எங்கள் ஆட்களும் "இப்பதான் குடிச்சனாங்கள்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைப் பார்க்கிறவர்கள்தான். ஆனால் இவர்கள் இதில் பட்டம் எடுத்தவர்கள். நாங்கள் தாறம் என்றால் அவர் தாரோஃப் என்கிறார்.

"ஜெர்மன்காரர் ஒரு தரம்தான் கேட்பினம் பிள்ளை," என்றா அம்மா. "அந்த மனிசன் அங்க போயும் வேண்டாம் எண்டு நிண்டால்?"

நான் பயிற்சியாளராகப் பதவியேற்றேன்.

பெப்ரவரி 8, சனி

என் அண்ணா கொட்வினின் கறுப்பு மழைக்கோட்டைப் போட்டால் நான் நீதிபதி. ஜெர்மனில் கெரிக்ட் என்றால் நீதிமன்றம், கெரிக்ட் என்றால் ஒரு வேளைச் சாப்பாடும். நாங்கள் இரண்டையும் குசினி மேசையிலேயே நடத்தினோம்.

"பெந்தெகொஸ்தே என்றால்?" டக்கென்று சொன்னார். பத்துக் கட்டளைகள்? வரிசை பிசகவில்லை. பிறவிக் கத்தோலிக்கச்சி எனக்கு ஏழுக்கு மேல் ஓடவில்லை.

"தேத்தண்ணி?"

"வேண்டாம்."

மேசையில் அகப்பையால் அடித்தேன். "வழக்குத் தள்ளுபடி!"

அங்கிள் சிரித்துச் சிரித்து இருமினார். பர்னியாவும் சிரித்தாள். கன நாளுக்குப் பிறகு.

மார்ச் 2, ஞாயிறு

"தேத்தண்ணி?" "ஓம், தாருங்கள்." முதல் தரத்திலேயே! அம்மா கைதட்டினா. வழக்கையே வெண்டிட்டம்.

மார்ச் 12, புதன்

எழுத ஏலாது.

மார்ச் 13, வியாழன்

சரி. எழுதுகிறேன்.

அம்மா வேலைக்கு லீவு போட்டா. பர்னியாவும் நானும் அம்மாவோடு பின்னால் இருந்த வாங்கில். நீதிபதி ஒரு பெண், எங்கள் பள்ளி நூலகர் போல மெல்லிய குரல். முதலில் அங்கிளிடம், "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டார்.

"ஓம், தாருங்கள்."

பர்னியா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாங்குக்குக் கீழே கட்டை விரலை உயர்த்தினேன். என்ன விசர் நான்.

கட்டளையும் கேட்கவில்லை, பெந்தெகொஸ்தேயும் கேட்கவில்லை. "உங்கள் விசுவாசம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?" என்றார்.

அங்கிள் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "நான் ஒன்றுமில்லை. மற்ற விசுவாசிகளின் கால்தூசி நான்."

"வேதாகமம் வாசிப்பீர்களா?" "மற்றவர்களுக்கு நிறையத் தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாது." சங்கீதங்களைப் பாடமாக்கி வைத்திருக்கிற மனுஷன்!

"ஈரானுக்குத் திரும்பினால் உங்கள் விசுவாசத்தை வெளியே சொல்வீர்களா?"

"யாருக்கும் தொந்தரவாக இருக்க விரும்பமாட்டேன்."

இரண்டாம் தரம் கேளுங்கோ. கடவுளே, இன்னொருக்காக் கேளுங்கோ! நீதிபதி கேட்கவில்லை. எழுதிக்கொண்டார். வழக்கறிஞர் என்னென்னவோ விளக்கினார், அதையும் எழுதிக்கொண்டார். கெட்ட மனுஷி என்றால் திட்டலாம், அதற்கும் வழியில்லை.

நான் தேத்தண்ணிக்குப் பழக்கினேன். தண்ணீரை வாங்கத் தெரிந்தது அவருக்கு. "நான் விசுவாசி" என்று சொல்லப் பழக்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? எல்லாம் பகிடிதானே உனக்கு, யூலியா. எல்லாம் பகிடி.

மார்ச் 20, வியாழன்

ஈரானியப் புதுவருடம். பர்னியாவின் அம்மா தொலைபேசியில் காட்டினார்: ஒரு பக்கம் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம், ஒரு பக்கம் புதுவருட மேசையில் முளைவிட்ட கோதுமை. பின்னால் கதவோரம் பெட்டி. தம்பி அதன்மேல் ஏறியிருந்து கையசைத்தான்.

ஏப்ரல் 3, வியாழன்

தீர்ப்பு வந்துவிட்டது. "ஆழ்ந்த உள்நம்பிக்கை புலப்படவில்லை." இதைப் பர்னியா பள்ளிக் கழிப்பறையில் தொலைபேசியிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டினாள், ஜெர்மன் பாடம் ஒப்பிப்பதுபோல.

ஏப்ரல் 9, புதன்

யாரோ கதிரையைத் தாழ்வாரத்தில் வைத்திருந்தார்கள். ஆசிரியர் என்னைத்தான் பார்த்தார். நானில்லை. நம்பவில்லை.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

பூசைக்குப் பிறகு இருவரும் வந்தார்கள். அங்கிள் இன்று வாயைக்கூட அசைக்கவில்லை. பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அம்மா தட்டை வைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தா. "லோயரோட கதைச்சனான் அண்ணை. மேல்முறையீட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள் கிடக்கு. கோவில் ஆக்கள் எல்லாரும் நிப்பம். போடுவமோ?" நான் ஜெர்மனில் சொன்னேன்.

"வேண்டாம், மரியா கானும். உங்களுக்குக் கரைச்சல்."

நானும் பர்னியாவும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இருவரும் எண்ணுகிறோம் என்று இருவருக்கும் தெரியும்.

"என்ன கரைச்சல்? போடுவம் அண்ணை."

"வேண்டாம்."

அம்மாவுக்கும் கணக்குத் தெரியும். மூச்சை எடுத்து, அவருடைய கண்ணைப் பார்த்து, மூன்றாம் தரம் கேட்டா. இந்த முறை அவவே ஜெர்மனில், தனக்குத் தெரிந்த மட்டில்.

அங்கிள் நெஞ்சில் கை வைக்கவில்லை. தலை குனியவுமில்லை.

"வேண்டாம்," என்றார். "மனைவி நேற்றுப் பெட்டியைப் பிரித்துவிட்டாள்."

பர்னியா எழுந்து தன் குளிர்கோட்டைத் தேடினாள். அதைப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அம்மா நாலாம் தரமும் கேட்டா.