பனி இறங்காத கண்ணாடி

தை மாசம், சனிக்கிழமை. சூரியநெல்லி.

இதை எழுதாம இன்னிக்குத் தூக்கம் வராது.

ஃபேக்டரி வேலை முடிஞ்சு சாயங்காலம் நான் போற டூரிஸ்ட் கேம்ப்ல, மூணு நாளா டெலஸ்கோப் கண்ணாடியில பனி இறங்கி, வந்தவங்களுக்கு ஒண்ணுமே தெரியலை. இன்னிக்கும் தெரியலேன்னா டெலஸ்கோப்பை வித்துருவேன்னுட்டார் கேம்ப் முதலாளி. அதான் கண்ணாடிக்குப் பின்னால சின்ன ஹீட்டர் ஒண்ணை ஒட்டி, அதோட சூட்டுத் திருகை முழுசாத் திருப்பி வச்சேன். பதினாலு வருசமா டிரையர்ல தேயிலை காய வைக்கிறவன் வேற என்ன செய்வான்? ஈரம்னா சூட்டைக் கூட்டணும். எனக்குத் தெரிஞ்சது அதான்.

பனி போச்சு. ஆனா உள்ள பாத்தா வியாழன் கிரகம், கொதிக்கிற உலைத்தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி நெளிஞ்சுது.

அங்கேயே சமையல் பாக்குற என் பொண்டாட்டி செல்வி எட்டிப் பாத்துட்டு, "இதென்ன தேயிலையா, போட்டு வறுக்கிறதுக்கு? கொறைங்க"ன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. கோவத்துலதான் குறைச்சேன். குறைச்சுக் குறைச்சு, வெளிக்காத்தை விடத் துளி சூடு மட்டும் நிக்கிற இடத்துல விட்டேன். கண்ணாடிச் சூடு அடங்க அரை மணி நேரம் காத்திருந்தோம்.

அப்புறம் பாத்தா வியாழன் அசையாம நிக்குது. அது மேல ரெண்டு பட்டை. பக்கத்துல வரிசையா நாலு நிலா. சுத்தி டெண்டெல்லாம் பனியில சொட்டிக்கிட்டிருக்கு. விக்கிற பேச்சை முதலாளி எடுக்கவே இல்லை.

செல்வி கண்ணை எடுக்கலை. பின்னால ஆளுங்க நிக்கிறாங்கன்னு சொல்லியும் எடுக்கலை.

கண்ணாடிக்குப் பின்னால கையை வச்சுப் பாத்தேன். காய்ப்பு ஏறின என் கைக்குச் சூடே தெரியலை.