அந்தக் கதை என்னுடையது

அண்ணா,

எழுப்பப் பாவமாக இருந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. உன்னோடு பேசப் பிடிக்கவில்லை, அதனால்தான் இந்தச் சீட்டு.

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். வெறும் வயிற்றோடு கிளம்பாதே. சாவி செருப்பு ஸ்டாண்டின் மேல் இருக்கிறது. உன் வெள்ளைச் சட்டையையும் தேய்த்துவிட்டேன். சட்டை மேல் எனக்குக் கோபமில்லை.

நேற்று இன்டர்வியூ ஒத்திகையில் நான் அதிகாரியாக உட்கார்ந்து, "வேலையில நீங்க கண்டுபிடிச்ச ஒரு தப்பைச் சொல்லுங்க" என்று கேட்டேன். கூசாமல் என் கதையையே என்னிடம் சொன்னாய். என் ஆபீசில் ஒரு கம்பெனியின் மதிப்பைப் போடும்போது கடனை இரண்டு தடவை கழித்திருந்தார்கள் என்று கண்டுபிடித்தது நான். கேட்டால், "யார் சொன்னா என்ன, வேலை நம்ம வீட்டுக்குத்தானே வரும்" என்கிறாய்.

ஒரே முதலீட்டு வங்கி, காலியாக இருப்பது ஒரே இடம், இன்றைக்கே இருவருக்கும் இன்டர்வியூ. காலையில் நான் அதைச் சொல்லிவிடுவேன். மதியம் நீயும் அதையே சொன்னால் யார் திருடன் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

பிளம்பர் வந்தால் நாளைக்கு வரச் சொல். அம்மா காதில் எதையும் போடாதே.

உன் தங்கச்சி

பி.கு.: உனக்கா கதை இல்லை? பொய்க்கணக்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றதால் உன் வேலை போனதே, அதைச் சொல். வெட்கப்பட வேண்டியது நீ இல்லை. அதற்கு ஒத்திகையும் வேண்டாம். எத்தனை தடவை கேட்டாலும் நீ ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னதில்லை.

அதை நீ சொன்னால் என் கதை எடுபடாது. தெரிந்துதான் எழுதுகிறேன்.