பெங்களூர் வழியாக வந்த புத்தகங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் அன்பு அந்த ஒரு சொல்லோடு சரி. உங்கள் புத்தகங்கள் போய்விட்டன. அழித்தது தம்பி முரளி. அழிக்கும் அதிகாரத்தை அவனிடம் கொடுத்தது நீங்கள்.

துறைமுகக் குவார்ட்டர்ஸைக் காலிசெய்து அதே ஊரில் பெஹாலா பக்கம் இந்தச் சின்ன ஃபிளாட்டுக்கு வந்தபோது, செல்லரித்துப்போன தமிழ்ப் புத்தகங்களையெல்லாம் என்னை ஸ்கேன் பண்ணச் சொன்னீர்கள். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் போயின! கம்ப்யூட்டர் ளகரத்தை னகரமாகப் படித்துவைக்கும். வரி வரியாக உட்கார்ந்து திருத்தியவள் நான். வேலை முடிந்ததும் காகிதத்தையெல்லாம் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டீர்கள்.

பிறகு டிவிக்குப் பக்கத்தில் டிபன் டப்பா அளவுக்கு ஒரு சர்வர் வந்தது. ஆனால் மூலப்பிரதி பெங்களூரில் இருக்கும் முரளியின் லேப்டாப்பில்தான் இருக்க வேண்டும் என்றீர்கள். அவனிடம் எது இருக்கிறதோ அதுதான் இங்கேயும் இருக்கும். நான் திருத்திய புத்தகத்தைப் பெங்களூருக்கு அனுப்பி, அவன் சேர்த்த பிறகுதான் அது என் கண்ணெதிரே இருக்கும் டப்பாவுக்குத் திரும்பி வரும்.

"என் கம்ப்யூட்டர்லயும் ஒண்ணு இருக்கட்டுமேப்பா" என்றேன்.

"ரெண்டு எடத்துல இருந்தா குழப்பம்ட்டி. அவன் பாத்துக்கிடுவான்" என்றீர்கள். நீங்களே உட்கார்ந்து என் பிரதிகளை அழித்தீர்கள். மருந்து எடுத்துக் கொடுக்க நான், சாவி வைத்துக்கொள்ள அவனா?

போன வாரம் ஆபீஸ் முடிந்து கிடர்பூரிலிருந்து பஸ்ஸில் வந்தேன். பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டுப் பாதி ரோட்டை அடைத்திருக்கிறார்கள், பஸ் நகர்ந்தபாடில்லை. மின்புத்தக ரீடரில் நம் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் ரீடர் வைஃபையைப் பிடித்து சர்வரோடு இணைந்தது. பட்டியலில் மேலே இருந்த புத்தகங்கள் ஒவ்வொன்றாக மறைய ஆரம்பித்தன. கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே. ஓடிப்போய் ரவுட்டர் வயரைப் பிடுங்கினேன்.

முரளிக்கு போன் போட்டேன்.

"லேப்டாப்புல எடம் இல்லக்கா. தமிழ் ஃபோல்டரைத் தூக்கிட்டேன். அதெல்லாம் இப்ப யாரு படிக்கா?"

"நான் படிக்கேன்டா. குப்பைத்தொட்டில இருக்கா பாரு."

"அதையும் காலி பண்ணிட்டேனே. உங்கிட்ட ஒரு காப்பி இருக்கும்னு நெனச்சேன்."

என்னிடம் இருக்கும் என்று நினைத்தானாம்! இல்லாமல் ஆக்கியது யார், அப்பா? அவன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. கேட்காமலே நீங்கள் தலையில் ஏற்றியதை அவன் பாரம் என்று இறக்கிவைத்தான், அவ்வளவுதான்.

பட்டியலின் அடியில் கிடந்தவை மட்டும் தப்பின. எவை தெரியுமா? "இந்தக் குப்பைக்கு எதுக்கு ஸ்கேனு?" என்று நீங்கள் முகத்தைச் சுளித்த துப்பறியும் நாவல்கள். நீங்கள் நாளும் வாசித்த சைவ உரைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதற்காக நான் அழவில்லை. அழுதிருக்க வேண்டுமா?

ரீடரில் மிஞ்சியதை எடுத்து சர்வரில் வைத்தேன். பெங்களூருக்குப் போகும் இணைப்பைத் துண்டித்தேன். நேற்று முரளி கூப்பிட்டான்.

"அக்கா, என் லாகின் வேலை செய்யலியே?"

"செய்யாதுடா."

"அப்பா எனக்குத்தானே குடுத்தாங்க?"

"குடுத்தாங்க. நான் எடுத்துக்கிட்டேன்."

போனை வைத்தேன்.

இனி இந்த வீட்டில் எதை வைப்பது, எதை எறிவது என்று நான்தான் முடிவுசெய்வேன். உங்கள் திதிக்கு முரளி வருவான். இலை போட்டுச் சாப்பாடு பரிமாறுவேன், ஒரு குறையும் இருக்காது. ஆனால் சர்வரின் பாஸ்வேர்டை உங்கள் படத்துக்கு முன்னால் நின்றுகூட வாய்விட்டுச் சொல்ல மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் மூத்த பிள்ளை,
கோமதி