முளைக்காத தட்டைப்பயறு

அருள்புரம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள பூங்குழலிக்கு,

நீ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டதாக உன் கணவர் மோகன்ராஜ் சொன்னார். அவரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம்.

உன் யூ.கே.ஜி. பிள்ளைகளையும் என் வகுப்பிலேயே உட்கார வைத்திருக்கிறேன். இடம் நெருக்கடிதான், சமாளிக்கிறேன்.

இந்த வாரம் விதை செடியாவது எப்படி என்ற பாடம். பஞ்சுக்குப் பதிலாகப் பனியன் வேஸ்ட் துணியை நனைத்து டீ கப்பில் வைத்து, ஆளுக்கொரு தட்டைப்பயறு போட்டோம். வால் விட்டிருக்கிறது என்று வகுப்பே கூச்சல் போட்டது. ராபினுடையது மட்டும் முளைக்கவில்லை. ஊறி நாற ஆரம்பித்துவிட்டது. அவனுக்குத் தெரியாமல் வேறொன்றை மாற்றி வைத்துவிடலாமா என்று ஆயா கருத்தம்மா கேட்டார். வேண்டாம் என்றேன்.

நேற்று மாலை கம்பெனி விட்டு வந்த அவன் அம்மா கப்பைப் பார்த்தார். "எல்லாப் பசங்களுதும் மொளச்சிருக்குதுங்க மிஸ். இவன் வெரல உட்டு நோண்டீட்டே இருந்திருப்பான்" என்றார். பையன் முகம் சுருங்கிவிட்டது. "நாந்தான் கெடுத்துட்டனுங்களா மிஸ்?" என்று கேட்டான்.

"இல்ல கண்ணு. நோண்டுனதும் மொளச்சிருக்குது, நோண்டாததும் மொளச்சிருக்குது. சிலது மொளைக்காது. நீ ஒண்ணும் பண்ணல" என்றேன். அவன் அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அந்தக் கப்பைத் தூக்கிப் போட அவன் விடவில்லை. மற்றவற்றோடு அதுவும் ஜன்னலில்தான் இருக்கிறது.

இன்னொரு விஷயம். மாசமாக இருந்தவள் நின்றுகொண்டே பாடம் நடத்தியதால்தான் இப்படி ஆனது என்று உன் மாமியார் சொல்கிறாராம். நீயும் அதை நம்பி வேலையை விடப் போகிறாயாம். மோகன்ராஜ்தான் சொன்னார். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்றும் அவரே சொன்னார். உன் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கட்டுமா என்று தாளாளர் கேட்டார். பொறுங்கள் என்றிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன் மாமியார் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்தே வருகிறேன். அவரிடமும் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது. அதுவரை எதையும் முடிவு செய்துவிடாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. முருகன் உனக்குத் தெம்பைக் கொடுக்கட்டும்.

உன் அன்புத் தோழி,
சித்ரகலா